ஸ்ஸ்ஸ்...

காய்ச்சலும் சிவந்த கண்களுமாய் ஆஸ்பத்திரிக்கு வந்த மகன் மித்ரனுக்குக் கவாசாகி நோய் என்றார்கள். ஏதோ வண்டியின் பெயர் போலிருக்கிறதே என்று நினைத்தாள் சுபாஷினி. இதயத்துக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அது தப்பித்துக்கொண்டது. பிள்ளையின் கண் மஞ்சளானபோது கல்லீரல் என்றார்கள். முகம் ஊதியபோது சிறுநீரகம் என்றார்கள். இப்போது கட்டிலுக்குக் கீழே தொங்கும், சிறுநீர் சேரும் பையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள கொஞ்சமாவது வரணும்மா. இல்லேன்னா டயாலிசிஸ்தான். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு சொல்ல முடியல" என்றார் டாக்டர்.

அவர் போனதும் சுபாஷினி மகனின் காதருகே குனிந்தாள். கைக்குழந்தையாய் இருந்தபோது காலில் உட்காரவைத்து ஒன்றுக்குப் போகவைக்க எழுப்பிய அதே சத்தத்தை எழுப்பினாள். "ஸ்ஸ்ஸ்..."

"அக்கா, டியூப் போட்டிருக்கு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் நர்ஸ்.

"தெரியும் சிஸ்டர். இந்தச் சத்தம் கேட்டா உடனே போயிடுவான்."

நுனியில் தோல் உரிந்துகொண்டிருந்த அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டு விடாமல் செய்தாள். உதடு வறண்டு, சத்தம் வெறும் காற்றாயிற்று. ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. பை தட்டையாகவே தொங்கியது.

அடுத்த கட்டிலில் காலில் கட்டுப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குப் படுக்கையை நனைத்துவிட்டது. விரிப்பில் ஈரம் பரவியது. துடைக்கத் துணி எடுத்த அதன் அம்மா, சுபாஷினி பார்ப்பதைக் கண்டாள். துணியை மடியில் ஒளித்துக்கொண்டு அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.