சகலை வீட்டு வலி

சகலை புது ஃபிளாட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து கடிகாரக் கடைக்காரருக்கு நெஞ்சுவலி.

"கடையில வேலை பாக்கறப்ப வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்."

"சாப்பிட்டுப் படுத்தா?"

"அப்பவும் இல்ல. சகலை வீட்டு வாசல்ல போய் நின்னாத்தான் நெஞ்சை இறுக்குது. கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடுது."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எல்லாம் வயித்தெரிச்சல் டாக்டர்! என் தங்கச்சி கதவைத் திறக்கறதுக்குள்ள இவருக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துடும். அவ வீட்டு பால்கனியில நின்னா ஊரே தெரியும். அதை இவரால தாங்க முடியல."

அவர் தலைகுனிந்தார். பொய்யில்லையே! தன்னைவிடச் சின்னவன் இப்படி வாழ்கிறானே என்று மனசு பொருமியது வாஸ்தவம்தான்.

"ஊரே தெரியுமா? எத்தனாவது மாடி?"

"நாலாவது. லிஃப்ட் இன்னும் போடல."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாடி ஏறினா வலி, உக்காந்தா குறையுது. இதயத்துக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கலாம். இப்பவே ஈசிஜி எடுக்கணும்."

மனைவி வெலவெலத்துப்போய்க் கணவர் கையைப் பிடித்தாள்.

அவர் முகத்திலோ அப்படியொரு நிம்மதி.

"கேட்டுக்கிட்டியா? பொறாமை இல்லையாம்!"