இளஞ்சூட்டு எண்ணெய்

"ஏளா பிளாரன்ஸ், காலை வேகவைக்கியா?" மாமியார் இன்னாசியம்மாள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது.

"இளஞ்சூடுதான் மாமி! கையில ஊத்திப் பாத்துட்டுத்தான தேய்ச்சேன்?" மருமகள் கீழிருந்து மேலாக நீவிவிடுவதால்தான் கிழவி கோயிலுக்கே நடக்கிறாள், நன்றியில்லையே என்று பிளாரன்சுக்கு ஆத்திரம்.

"கொல்லப் பாக்கா! ஏலே பர்னபாஸ், இவள ஆத்தா வீட்டுல கொண்டுவிடு!"

மகன் கம்பவுண்டரைக் கூட்டிவந்தான். கிழவியின் முழங்காலில் நிஜமாகவே கொப்புளம். தெரு பிளாரன்சை முறைத்தது.

கம்பவுண்டரோ அவள் கைகளைத் திருப்பினார். உள்ளங்கை முழுக்க அதைவிடப் பெரிய கொப்புளங்கள்.

"எரியலியாம்மா?"

"எது?" என்றாள்.

குண்டூசியால் குத்தினார், அதுவும் உறைக்கவில்லை. தொழுநோய் என்றது பெரியாஸ்பத்திரி.

அதைக் கேட்டதும் பர்னபாஸ் தோணியேறிக் கொழும்புக்குப் போனவன்தான், திரும்பவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனமாம். தொழுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் மருமகளோடு வீடெடுத்துப் போனது இன்னாசியம்மாள். அங்கேயும் தினம் சண்டைதானாம்.