உற்பத்திக் குறியீடு

நாட்டின் ஆலைகளில் மிச்சமிருந்த ஒரே மனித மேலாளர் ராணிப்பேட்டை கோதண்டம்தான். மாதம் பிறந்ததும் அரசாங்கம் போன் போட்டு, "உற்பத்தி எப்படிப் போகுது?" என்று அவரிடம் கேட்கும். அவர் சொல்வதுதான் உற்பத்திக் குறியீடு.

இந்த மாதம் போன் வந்த அன்று, அவர் வீட்டில் மூன்றாவது நாளாக ஓட்ஸ் கஞ்சி. "படு மோசம்," என்றார் கோதண்டம். பங்குச்சந்தை சரிந்தது, எட்டு ஆலைகள் தாமாகவே கதவைச் சாத்திக்கொண்டன.

தொழில்துறைச் செயலாளர் பதறிப்போய் அவர் மனைவி வேதவல்லியைக் கூப்பிட்டார். "அம்மா, நாட்டுக்காகப் பூரி மசால் போடக் கூடாதா?"

"போடலாம் சார். உருளைக்கிழங்கை அவரு உரிக்கணும்."

உடனே அரசாணை வந்தது. கோதண்டம் முணுமுணுத்துக்கொண்டே உரித்தார். இரண்டாவது பூரி உள்ளே போனதும், "இப்போ பரவாயில்லை," என்றார். ஆலைகள் திறந்தன.

ஏற்றுமதி பெருகியதே காரணம் என்று மாலைச் செய்தியில் நிபுணர் ஒருவர் விளக்கினார். வேதவல்லி அதைக் கேட்கவில்லை. பாத்திரம் தேய்ப்பதற்கும் ஓர் அரசாணை கேட்டு, செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.