இன்னும் கொஞ்சம்

"வாசல்ல யார் வந்து நின்னாலும் சோறு போட்டுடாதே. பசிச்சவங்களை இனி அரசாங்கம் மட்டும்தான் கவனிக்கணுமாம். நாம போட்டா உள்ளே தள்ளிடுவாங்க." மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போனார்.

மதியம் கிழிந்த சட்டையும் ஒட்டிய வயிறுமாக ஒருவன் வந்து நின்றான்.

"அக்கா, பசிக்குது."

அவள் தெருவை இருபுறமும் பார்த்தாள். "சட்டுனு உள்ளே வாப்பா."

தட்டு நொடியில் காலியானது. "இன்னும் கொஞ்சம் கிடைக்குமாக்கா?"

தனக்கென்று வைத்திருந்ததையும் வழித்துப் போட்டாள்.

தின்று முடித்துக் கை கழுவியவன், சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

"உணவுக் கண்காணிப்புத் துறை. கிளம்புங்கக்கா."

"அடப்பாவி! தின்ன கை ஈரம்கூடக் காயலையே!"

"ஒரு தடவை போட்டா எச்சரிச்சு விட்டுடணும். ரெண்டாவது தடவை போட்டாத்தான் கைது பண்ண முடியும். அதான் இன்னும் கொஞ்சம் கேட்டேன்" என்று சொல்லி ஏப்பம் விட்டான்.

அவள் செருப்பை மாட்டியபடி கேட்டாள்: "பசின்னு சொன்னியே, அதுவாவது நிஜமா?"

அவன் தலை தாழ்ந்தது. "நிஜம்தான்க்கா. சம்பளம் வந்து மாசக்கணக்காச்சு."

"அப்போ நான் போட்டது வீணாப் போகலை. நட."