ஒரே ஒரு பொத்தான்

ஒரு கணினிப் பெட்டிக்குள் மூன்று டிஸ்குகள் குடியிருந்தன. ஒரு குடும்பத்தின் புகைப்படங்களைப் பங்கு போட்டு வைத்திருந்தன. ஒன்று போனாலும் மற்ற இரண்டும் சேர்ந்து அதன் பங்கைச் சொல்லிவிடும்.

ஒருநாள் நடு டிஸ்க் கண்ணை மூடியது. அந்த இடத்துக்குப் புதியது ஒன்று வந்தது. மிச்சமிருந்த மூத்ததும் இளையதும் சேர்ந்து சொல்லச் சொல்ல, புதியது போனதன் பங்கை எழுதிக்கொண்டே வந்தது.

பாதியில், ஒரு கல்யாணப் படத்தில் மூத்தது தடுமாறியது.

"மாப்பிள்ளை சட்டையில ஒரு பொத்தான் மட்டும் ஞாபகம் வரல. அதை விட்டுட்டு மேல போவோமே."

"ஞாபகம் இல்லாதவனுக்கு இங்க என்ன வேலை? வெளிய போ!" என்றது பெட்டி.



மூத்தது மேசைமேல் வந்து விழுந்தது. உள்ளே இளையது தனியாகச் சொல்லிப் பார்த்தது. எதுவும் படமாகவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டியே அடங்கிப்போனது.

யாராவது திரும்ப உள்ளே கூப்பிடுவார்கள் என்று மூத்தது காத்துக்கிடந்தது. மணப்பெண்ணின் பாதிச் சிரிப்பு, பந்தியிலேயே தூங்கிப்போன குழந்தையின் பாதி முகம், அந்தப் பொத்தானைத் தவிர எல்லாம் அதனிடம் பத்திரமாக இருந்தன.

மீதிப் பாதி ஒரு சாண் தூரத்தில்தான், பெட்டிக்குள் இருந்தது.