அம்மாவுக்குப் பிடித்த ஹோட்டல்

"இங்க வேண்டாம். பூண்டைக் கருக்கிட்டான்."

போன வேகத்தில் திரும்பி வந்தாள் அம்மா பிலோமினா. இது மூன்றாவது ஹோட்டல். டொமினிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் படிக்கிற ஊரைப் பார்க்க லாரன்ஸ் என்கிற மில் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள் அம்மா. கூட அவனுடைய சிநேகிதி நொரீன். மூன்று பேரும் நல்ல இத்தாலியன் சாப்பாடு சாப்பிட வேண்டும், அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

நொரீனின் மனசும் அவனுக்குப் பிடிபடவில்லை. போன வாரம்தான், "கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வர்றியா?" என்று கேட்டிருந்தான். அவர்கள் வீட்டில் அது பாதி நிச்சயதார்த்தம். அவளோ லேசாகச் சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமே இல்லை.

"வாங்க, போன வாரம் நாங்க சாப்பிட்ட இடத்துக்கே போவோம். ஊருலயே பெரிய ஹோட்டல்."

நிலவறையில் இருந்தது அது. மேஜைக்கு ஒரு மெழுகுவர்த்தி. அம்மா படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஐயையோ, ஸ்பகெட்டியை உடைச்சுப் போட்டு வேகவைக்கிறான்டா!"

"இங்கருந்து சமையலறை தெரியுதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். வா."

தெருவில் நொரீன் அவன் கையைப் பிடித்தாள். "உங்க அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?"

"சேச்சே!" என்றான். அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

கடைசியில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பீட்சா கடை. பிளாஸ்டிக் நாற்காலி, கண் கூசுகிற ட்யூப்லைட்.

"இதுதான் கடை! உக்காருங்க," என்றாள் அம்மா.

பாஸ்தா களியாகக் குழைந்திருந்தது. தக்காளிக் குழம்பு தித்தித்தது. அம்மா "பிரமாதம்!" என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

அதைவிட ஆச்சரியம் நொரீன். ஹோட்டலுக்குப் போனால் வாயே திறக்காதவள், மடை திறந்த மாதிரி பேசினாள். அப்பாவின் மீன்பிடிப் படகைப் பற்றி அவள் சொன்ன கதைக்கு அம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

நொரீன் கை கழுவப் போனதும் டொமினிக் வெடித்தான்.

"ஏம்மா மானத்தை வாங்கறே? நாலு நல்ல ஹோட்டலை விட்டுட்டு இந்தக் களிதானா கெடைச்சுது?"

"அந்தப் பொண்ணு பேசறவங்க மூஞ்சியையே பாக்குதே, கவனிச்சியா?"

"என்னைத்தான் பாக்கறா. அதுக்கென்ன?" என்றான் கொஞ்சம் பெருமையாகவே.

"உன் அழகை இல்லடா, வாயைப் பாக்குது. நெசவு மில்லுல இருபது வருஷம், தறிச் சத்தத்துக்கு நடுவுல நாங்க அப்படித்தானே பேசிக்கிட்டோம். எனக்குத் தெரியாதா? பாவம், அதுக்குக் காது சரியாக் கேக்கல. உங்கிட்ட சொல்லப் பயம் போல. நீ கூட்டிட்டுப் போன இடமெல்லாம் ஒரே இருட்டு."

டொமினிக் நொரீன் போன பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப... போன வாரம் நான் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டது?"

"அந்த மெழுகுவர்த்தியில அதுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? அதோ, வருது. இப்படி வெளிச்சத்துக்கு நேரா உக்காந்து, இன்னொரு தடவை கேளு."