லிஃப்டுக்குள் நாற்பது வயலின்

“மோட்டரை நீங்க நிறுத்தினதாலதான் நான் சோப்புத் தலையோட நின்னேன், செகரட்டரி சார்—”

“தொட்டி வழிஞ்சாலும் இந்தக் கௌதமனைத்தானே திட்டுவீங்க, தாரணி மேடம்—”

அவர்கள் ஏறிய லிஃப்ட், உள்ளே இருப்பவர்களின் மனசைப் பார்த்துப் பின்னணி இசை வாசிக்கும் ரகம். முதலில் செல்லோ ஒன்று அடியில் முனகியது. அதன்மேல் வயலின்கள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து, நாற்பதும் காதல் காட்சிபோலக் குழைந்தன.

“இது உங்க மனசுதான் சார். எனக்கொண்ணும் இல்ல” என்றாள் அறுபது வயதுத் தாரணி.

“அப்ப நான் இறங்கினா நின்னுடும்.”

மூன்றாவது மாடியில் அவர் இறங்கினார். இசை நிற்கவில்லை, புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டது. மகளிடம்கூட அவள் மறைத்ததை இந்தப் பெட்டி ஊரறியச் சொல்லிவிடும் போலிருந்தது. தாரணி கதவு மூடும் பொத்தானை நாலு தடவை அழுத்த, ட்ரம்பெட்டுகள் முழங்கின.

கௌதமன் கையை நீட்டிக் கதவைத் தடுத்தார்.

“மேடம், இப்ப உள்ள யார் இருக்கா?”